காவேரி வருதா, வருமா?

ஒரு வினைச்சொல்லைத் தப்பாகத் தமிழில் சொன்னதால்தான் மோலி டி.நரசீபுரம் சாலையில் வீடு கட்டினாள் என்று கார்ல் எல்லோரிடமும் சொல்வான். வீட்டுக்கு வந்தவர்கள் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடுவான். மோலியும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். புருஷன் நூறு தடவை சொன்ன கதைக்கு நூற்றோராவது தடவையும் சிரிக்கத் தெரிந்தவள் அவள். அதனால்தான் அந்தக் கல்யாணம் இருபது வருஷமாக நிற்கிறது.

நடந்தது இதுதான். மனை பார்க்கப் போன அன்று கார்லுக்கு ஷோரூமில் மாதக் கடைசிக் கணக்கு. மோலி இரவு டூட்டி முடித்து, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அப்படியே தரகரோடு போனாள். மைசூரு ரிங் ரோட்டைத் தாண்டி, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே கல் நட்டு வைத்திருந்தார்கள். "காவேரி நீரு பருத்தா?" என்று கன்னடத்தில் கேட்டாள். "பருத்தே மேடம், பருத்தே" என்றார் தரகர். கன்னடத்தில் அந்த ஒரு சொல் தினமும் வருவதற்கும் செல்லும், என்றைக்கோ வரப்போவதற்கும் செல்லும். மோலி அங்கிருந்தே கணவனுக்குப் போன் செய்து, "தண்ணி வருதாம்" என்று தமிழில் சொன்னாள். "வரும்" என்று சொல்லியிருந்தால் கார்ல் அடுத்த கேள்வி கேட்டிருப்பான். "வருது" என்றதும் சரி என்றுவிட்டான். மனை மோலி பேரில் பதிவானது, அவள் சம்பளத்தில்தான் கடன் கிடைத்தது என்பதால்.

தரகரைக் குற்றம் சொல்ல இடமில்லை, உத்தமர். அவர் சொன்னது வருங்காலம், இவள் புரிந்துகொண்டது நிகழ்காலம். இரண்டுக்கும் நடுவில் வீடு கட்டி ஏழு வருஷமாகக் குடியிருக்கிறார்கள்.

அந்த லேஅவுட்டின் பெயர் காவேரிதாரா என்க்ளேவ். பேரு பெத்த பேரு, தாக நீலு லேது, அதாவது பேர்தான் பெரிசு குடிக்கத் தண்ணீர் இல்லை என்று ஊரில் சொல்வதைச் சிமெண்டில் செய்து பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம். நுழைவு வளைவின் மேல் காவேரித்தாய் குடத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். குடத்திலிருந்து ஏழு வருஷமாக ஒன்றும் விழவில்லை. லேஅவுட் போட்டவர் மனைகளை விற்று முடித்துவிட்டு, சாலையையும் சாக்கடையையும் முறைப்படி யாரிடமும் ஒப்படைக்காமல் அடுத்த ஊரில் அடுத்த வளைவு கட்டப் போய்விட்டார். பஞ்சாயத்தில் கேட்டால், ஒப்படைக்காததை நாங்கள் எப்படித் தொடுவது என்பார்கள். நகரத்து ஆபீசில் கேட்டால், உங்கள் இடம் எங்கள் எல்லைக்கு வெளியே என்பார்கள். குழாய் போடுகிறவர்களோ, ஃபண்ட் வந்தால் நாளைக்கே போடுகிறோம் என்பார்கள். ஒருவர்கூட இல்லை என்று சொன்னதில்லை. அந்த மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

வீட்டுப் போர்வெல் இரண்டு வருஷம் தண்ணீர் கொடுத்தது, மூன்றாம் வருஷம் சேறு கொடுத்தது, பிறகு காற்றுதான். அதிலிருந்து கெம்பையனின் டேங்கர். கெம்பையன் நல்ல மனிதர்தான். ஆனால் ரிங் ரோட்டுக்கு வெளியே இப்படி எத்தனையோ காவேரிகள் காய்ந்து கிடக்கின்றன, அவரிடம் இருப்பது ஒரு வண்டி. வருகிற அன்று வருவார். இரண்டு வயல் தள்ளி வாய்க்கால் நிறையத் தண்ணீர் போகும். அது பயிருக்கு. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அதைப் பார்க்காமல் இருக்க மோலி பழகிக்கொண்டாள்.

வீட்டைக் கட்டி முடித்தபோது காந்திநகரிலிருந்து ஃபாதர் வந்து மந்திரித்து, ஒவ்வோர் அறையிலும் தீர்த்தம் தெளித்தார். அந்த வீட்டுக்குள் காசில்லாமல் வந்த தண்ணீர் அதுதான்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். மோலியும் தள்ளித்தான் வந்தாள். ஆனால் அவள் சர்ஜரி வார்டு நர்ஸ். எட்டு மணி நேரம் புண்ணும் சீழும் மருந்துமாகக் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அரை வாளியில் உடம்பைக் கழுவ வேண்டும். அந்த அரை வாளியையும் கீழே ஒரு அகலத் தொட்டி வைத்து, அதற்குள் நின்று ஊற்றிக்கொள்ள வேண்டும். தொட்டித் தண்ணீர் கக்கூசுக்கு. தன் உடம்பில் வார்டு வாசனை போகவே இல்லை என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். போன மாதம்தான் இன்னொன்று தெரியவந்தது. சனிக்கிழமைகளில் கூட்டாகப் படிக்கிறோம் என்று மகள் ஜெசிகா காந்திநகருக்குப் போகிறாளே, அங்கே தோழி சோனியா வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வருகிறாளாம். ஷாம்பு பாக்கெட்டைப் புத்தகப் பைக்குள் வைத்து எடுத்துப் போகிறாள். சோனியாவின் அம்மா இதை மாதா கோயில் வாசலில் வெகு பிரியமாகச் சொன்னாள். மோலிக்கு அந்தப் பிரியம்தான் சுட்டது. அன்றே வீட்டை விற்றுவிடுவது என்று முடிவு செய்தாள்.

விற்ற காசில் டவுனில் சொந்த வீடு வாங்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். டவுனின் பழைய பேட்டைகளான மொஹல்லாக்களில் புதிதாக வீடு கட்ட ஒரு சாண் மண் மிச்சமில்லை. ஏரிக்கரையில் கட்ட விடமாட்டார்கள். வெளியே நிலம் கிடக்கிறது, ஆனால் அங்கே குழாய் போகவில்லை. அதனால் ஊர் மொத்தமும் பழைய குழாய் ஓடுகிற தெருக்களுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. குழாய் எங்கே ஓடுகிறதோ, விலை அங்கே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வங்கிக் கடனை அடைத்தது போக மீதியில் காந்திநகரில் ஒரு மாடிப் போர்ஷனை லீசுக்கு எடுக்கலாம், அவ்வளவுதான். லீஸ் என்றால், ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது திருப்பி வாங்கிக்கொள்வது. மோலி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டே அறை, பால்கனிக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர். விடியற்காலையில் குழாயில் காவேரி சீறிக்கொண்டு வருகிறது. அவள் சுவரைப் பார்க்கவில்லை, குழாயின் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வாங்க ஆள் வருகிறது என்றதும் கார்ல் சனிக்கிழமையே மேடையைத் தயார் செய்தான். கெம்பையனை வரவழைத்து, தரைக்கடியில் இருக்கும் சம்ப்பையும் மேல்தொட்டியையும் வழிய வழிய நிரப்பினான். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கமே தலைகாட்ட வேண்டாம் என்று அவரிடம் சொன்னான். வாசலில் வரிசையாக நின்ற நீல டிரம்களைப் பின்பக்கம் உருட்டிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடினான்.

"கேட்டா என்ன சொல்றது?" என்றாள் மோலி.

"வரும்னு சொல்லு. வருதுன்னு சொன்னாத்தான் பொய். அந்தாளு உனக்குச் சொன்ன அதே வார்த்தைதானே?"

"பாவம் இல்லையா, கார்ல்?"

"ஸும்னே இரு. நமக்கு யாரு பாவம் பார்த்தா?"

ஒரு வகையில் மோலியும் வரும் என்கிற அந்தச் சொல்லை வைத்தே பிழைக்கிறவள். டாக்டர் வருவாரா சிஸ்டர் என்று வார்டில் கேட்கும் ஒவ்வொருவரிடமும் வருவார், வருவார் என்றுதான் பகல் முழுக்கச் சொல்கிறாள். எத்தனை மணிக்கு என்று யாராவது திருப்பிக் கேட்டால்தான் சங்கடம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெசிகா மாதா கோயிலிலேயே பாட்டு வகுப்புக்குத் தங்கிவிட்டாள். இவர்கள் இருவரும் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. இறங்கியவன் தருண்குமார், ஹனூர்க்காரன். ஹனூர், கொள்ளேகால் பக்கத்துக் காய்கறியை மைசூரு மார்க்கெட்டுக்கு ஏற்றி வருகிறவன். கூட அவன் மனைவி ரூபா, கௌதள்ளிப் பெண். மைசூரு கேசரேயில் அவனோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு தையல் வேலை செய்கிறாள். சொந்த ஊர்ப் பக்கம் கொள்ளேகால் பஸ் போகிற சாலையிலேயே வீடு என்பதால் இருவருக்கும் வளைவைப் பார்க்கும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"ஊடு அடக்கமா இருக்குதுங்ண்ணா" என்றான் தருண்குமார், ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு.

"கிழக்குப் பார்த்த வாசல். தேக்குக் கதவு, டபுள் கோட்டிங். ரோடு பாருங்க, முப்பதடி" என்று கார்ல் அடுக்கினான். குளியலறைக்குள் அழைத்துப் போய்க் குழாயைத் திறந்து காட்டினான். தண்ணீர் கொட்டியது. அது கொட்டிய வேகத்தைப் பார்த்து மோலி குழாயை மூட ஓரடி முன்னே வைத்தாள். இரண்டு நாள் சமையல் தண்ணீர் அது. கார்ல் அவளைப் பார்க்காமல் நிதானமாக மூடினான். நடிப்பு என்று வந்துவிட்டால் சொந்தக் காசென்றாலும் தாராளமாகத்தான் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

மோலி காபி போட உள்ளே போனாள். கூடவே ரூபாவும் வந்து, "நான் கழுவித் தாரனுங்க அக்கா" என்று டம்ளர்களை எடுத்தாள். குழாயைத் திறந்தாள். நூல் மாதிரி விழுகிற அளவுக்கு, அவ்வளவுதான். அந்த நூலில் ஒரு டம்ளரைக் கழுவி, அதே தண்ணீரை அடுத்ததில் ஊற்றி, அதையும் அடுத்ததில் ஊற்றி, கடைசியில் தொட்டியில் கொட்டாமல் ஜன்னல் வழியாகக் கறிவேப்பிலைச் செடிக்கு வீசினாள். பேசிக்கொண்டே செய்தாள். கைக்குப் பழகிப்போன வேலை. மோலி பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி வருங்களா, அக்கா?" என்றாள் ரூபா.

ஹாலிலிருந்து கார்ல் எட்டிப் பார்த்தான். வரும் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சொல். சொல்லிவிட்டால் காந்திநகர். சொல்லாவிட்டால் இவர்கள் போய்விடுவார்கள், அடுத்த ஆள் எப்போது வருமோ, ஜெசிகா பையில் ஷாம்பு பாக்கெட் எத்தனை நாளைக்கோ. மோலி அடுப்பை அணைத்தாள்.

"வரலை, ரூபா" என்றாள். "ஏழு வருஷமா வரும், வரும்னுதான் சொல்றாங்க. ஒரு சொட்டு வந்ததில்ல. போர் வத்திப் போச்சு. டேங்கர்லதான் ஓட்றோம். இப்ப நீங்க பார்த்ததும் நேத்து ஊத்துனதுதான்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவளைப் பார்க்கிற மாதிரி கார்ல் பார்த்தான்.

ரூபா டம்ளரைத் துடைத்து வைத்தாள். "தெரியுமுங்க அக்கா. வாசல் மண்ணுல டேங்கர் தடம் கெடக்குதே. தண்ணி வந்துருந்தா இந்த வெலைக்கு நீங்க குடுப்பீங்களா? நாங்கதான் இந்த வாசல்ல நிக்க முடியுமா?"

"தெரிஞ்சேதான் கேட்டியா?"

"என்ன சொல்றீங்கன்னு பாத்தனுங்க." அவள் சிரித்தாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. "எங்கூர்ல ஆயிரமடி போட்டுங்கூடக் காத்துத்தானுங்க வந்துச்சு. டேங்கர் நமக்குப் புதுசில்ல. இப்ப இருக்கற ரூம்ல தண்ணி நல்லா வருதுங்க. ஆனா வாடகைய வருசா வருசம் ஏத்தி, இந்த வருசம் எங்களயே ஏத்தி அனுப்பிருவாங்க போல. தண்ணி வர்ற எடத்துல எங்களுக்கு ஊடு வராதுங்க அக்கா."

மோலிக்கு உடம்பு லேசாகிவிட்டது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தார்ப்பாயெல்லாம் போட்டார்கள், ஆனால் அந்தப் பூசணிக்காயை ஊரே பார்த்து விலையில் எப்போதோ கழித்துவிட்டிருந்தது. சொன்ன விலைக்குச் சம்மதம் என்று ரூபா அடுப்படியிலிருந்தே புருஷனுக்குத் தலையசைத்தாள்.

எல்லாம் அதோடு முடிந்திருக்கும். தருண்குமாருக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

"அவசரப்படறோம்னு நெனச்சுக்காதீங்கண்ணா" என்றான். "பெரிய பைப்பு ரிங் ரோட்டு சர்க்கிள் வரைக்கும் வந்து நிக்குதுங்க. ஃபண்ட் இல்லாம நிறுத்தியிருக்கறாங்க. ரெண்டு வருசத்துல இங்க வந்துரும்னு பைப்பு ஏத்தற வண்டிக்காரங்க பேசிக்கறாங்க. வந்துட்டா வெல எங்கியோ போயிரும். அதுக்குள்ள வாங்கிப்போடணும்னு தானுங்க."

கார்லின் முகம் மாறியது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு மோலியைப் பின்கட்டுக்கு, தார்ப்பாய் மூடிய டிரம்களுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனான்.

"விக்க வேணாம்" என்றான்.

"என்ன?"

"கேட்டேல்ல? ரெண்டு வருஷம். தண்ணி வந்தா இதே வீடு டபுள். அந்தக் காசுக்குக் காந்திநகர்ல லீஸ் எதுக்கு, சொந்தமாவே வாங்கலாம்."

கார்ல் கெட்டவன் இல்லை. தன் சொந்த வீட்டை விட்டுவிட்டு இன்னொருத்தர் மாடியில் ஏறிக் குடியிருக்க எந்த மனிதனுக்குத்தான் மனம் வரும்? மேஸ்திரியோடு நின்று ஒவ்வொரு செங்கல்லுக்கும் தண்ணீர் தெளித்தவன் அவன். இவ்வளவு நாள் விற்கச் சம்மதித்ததே மோலிக்காகத்தான். அது அவளுக்குத் தெரியும், தெரிந்ததால் அவன் மேல் கோபம் வரவில்லை.

"இங்க ரேட்டு ஏர்ற வரைக்கும் காந்திநகர் ரேட்டு கையக் கட்டிட்டு நிக்குமா?" என்றாள்.

"ரெண்டே வருஷம் மோலி."

"போன ரெண்டு வருஷமும் இதத்தான் சொன்னோம். அதுக்கு முந்தினதும்."

"இப்ப பைப்பு வந்திருக்கே, சர்க்கிள் வரைக்கும்."

"சர்க்கிள்ல போய்க் குளிக்கவா? ஜெசிகாவுக்கு வயசு பதினாறு. அவ தலைக்குக் குளிக்க இன்னும் ரெண்டு வருஷம் சோனியா வீட்டுக்குப் போகணுமா?"

கார்ல் டிரம் மேல் கையை ஊன்றினான். பிறகு, "சைட் உன் பேர்ல இருக்குன்னு பேசறியா?" என்றான். குரல் தாழ்ந்திருந்தது.

"ஆமா" என்றாள் மோலி. இருபது வருஷத்தில் அவள் அந்த மாதிரிச் சொன்னதே இல்லை. "இன்னைக்கு ஒரு நாள் அப்படித்தான் பேசறேன்."

உள்ளே ரூபாவும் தருண்குமாரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது கேட்டது. எந்த ஜன்னலைப் பார்த்துத் தையல் மெஷின் போடலாம் என்று அவள் கேட்க, அவன் அவசரப்படாதே என்று அடக்கினான்.

"தண்ணி வந்து, விலை ஏறி, அவங்க ஜம்முன்னு உக்காந்திருக்கறப்ப நீதான் அழுவே, பாரு" என்றான் கார்ல்.

"அழுவேன்" என்றாள் மோலி. "தலை நிறையத் தண்ணி ஊத்திக் குளிச்சிட்டு, அப்புறம் உக்காந்து அழுவேன்."

கார்லுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அதை அடக்கத் தார்ப்பாயின் முனையை இழுத்துச் சரி செய்தான். மோலி முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆறிப்போன காபியைத் திரும்பச் சுடவைத்து எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ரூபாவும் தருண்குமாரும் எழுந்து நின்றுகொண்டார்கள், போகச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்து.

"உக்காருங்க" என்றாள் மோலி. "ரூபா, பத்திரம் பண்ண உங்களுக்கு எந்தக் கிழமை ஆகும்?"

ரூபா புருஷனைப் பார்த்தாள். "புதங்கெழமைங்க அக்கா" என்றாள். "பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க."

புதன்கிழமை மோலிக்குப் பகல் டூட்டி. யாரிடமாவது சொல்லி மாற்றிக்கொள்கிறேன் என்றாள்.